இடது பக்கம் பத்தாயிரம் பிக்சல்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவர் கொர்னேலியஸ் சார். கோலாரில் வேறொரு சங்கத்துக்கு வெப்சைட் இருக்கிறது என்று யாரோ கல்யாண வீட்டில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே அவருக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வெப்சைட் என்றால் என்னவென்று இன்று வரைக்கும் அவருக்குத் தெரியாது. ஒரு நோட்டீஸ் போர்டு, அதில் தன் போட்டோ பெரிதாக இருக்கும், யாரும் வந்து கிழிக்க முடியாது. அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அதைச் செய்துகொடுத்தது நான். என் பெயர் ஷைலா, பதினேழு வயது, டிப்ளமோ இரண்டாம் வருஷம். நாளைக்குக் காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. இப்போது மணி பன்னிரண்டரை. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். யாரிடமாவது சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஆயா வேலை பார்க்கிறாள். ஆயாக்களை இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு மே மாதமும் ஒரு காகிதம் வரும். பள்ளி நிர்வாகத்திலும் இருப்பதால் அதில் கையெழுத்துப் போடுகிறவரும் கொர்னேலியஸ் சார்தான். அவர் அம்மாவைக் கூப்பிட்டு, “உன் பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குதாமே, அனுப்பு” என்றார். கேட்கவில்லை, சொன்னார். அம்மா அனுப்பினாள்.

கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேர் போட்டோவும் முதல் பக்கத்தில் வரவேண்டும். எந்த வரிசையில் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அதற்கு இரண்டு கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் குரூப் போட்டோ எடுக்க ஒரு முறை உண்டு, தங்கச் சுரங்கம், அதாவது மைன்ஸ், இருந்த காலத்திலிருந்து வருவது. பெரியவர் நடு நாற்காலியில். அவருடைய வலது கைப்பக்கம் இரண்டாவது ஆள், இடது கைப்பக்கம் மூன்றாவது ஆள். அப்படியே இரண்டு பக்கமும் மரியாதை இறங்கிக்கொண்டே போகும். ஓரத்து நாற்காலியில் உட்காருகிறவன் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று ஊருக்கே தெரியும். வெப்சைட்டிலும் அதே முறை வேண்டும் என்றார்கள். எழுபது வயசு ஆட்கள்கூட ஓர நாற்காலி யாருக்கு என்று மேஜையைத் தட்டிச் சண்டை போட்டார்கள். அது நாற்காலியே இல்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் கொர்னேலியஸ் சார் காலண்டர் தாளின் பின்பக்கம் ஏழு கட்டம் போட்டுக் கொடுத்தார். ஆறு, நான்கு, இரண்டு, ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. அதே வரிசையில் டைப் செய்தேன். வெப்சைட் பக்கத்தில் எது எங்கே நிற்கவேண்டும் என்பதை ஸ்டைல் ஷீட் என்ற தனித் தாளில் எழுதுவோம். அதில் ஏழு பேரையும் ஒரே கோட்டில் நிற்கவைத்தேன். நடுவில் அவர். கம்ப்யூட்டரில் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

வீட்டுக்குப் போய் ஃபோனில் பார்த்திருக்கிறார். ஃபோன் திரை ஒடுக்கம். ஏழு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க இடம் ஏது? டைப் செய்த வரிசைப்படி ஒருவர் கீழே ஒருவராக இறங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் மேலே ஆறாம் நம்பர் மனோகர் அண்ணன். அவர் கொர்னேலியஸ் சாரின் தங்கை மகன், ஆண்டர்சன்பேட்டையில் மொபைல் கடை வைத்திருப்பவர். தலைவர் நாலாவது.

“இன்னா பொண்ணே பண்ணி வச்சிக்கிற?” என்று ஃபோனில் கத்தினார். “என்ன கொண்டு போயி நாலாவது லெவல்ல எறக்கி வுட்டுக்கிற. இந்த மனோகரு சர்ஃபேஸ்ல ஜம்முனு நின்னுனு கீறான்!”

“ஃபோன்ல அப்டித்தான் சார் வரும்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. கேஜ்ல ஏத்து. மேல கொண்டா.”

இந்த மனிதர் ஒரு நாள்கூட கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்து ஷாஃப்டில் இறங்கியவர் இல்லை. ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு போல்ட் எண்ணிக் கொடுத்தவர். பேச்சில் மட்டும் லெவல், கேஜ்.

டைப் செய்த வரிசையை மறுபடி மாற்ற எனக்குச் சோம்பல். ஃபோனாக இருந்தால் இவர் முதலில் தெரியட்டும், இவர் இரண்டாவதாகத் தெரியட்டும் என்று ஸ்டைல் ஷீட்டில் மட்டும் எழுதினேன். அப்படிச் செய்தால் பார்க்கிறவர் கண்ணுக்கு இடம் மாறிவிடும். அடியில் எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கும். கொர்னேலியஸ் சார் ஃபோனிலும் மேலே ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் இன்னொரு ஆசை. “ஜனங்க கீழ தள்ளினு போறாங்க இல்ல, அப்ப என் போட்டோ மேல போயி மறஞ்சிடுது. மறைய கூடாது.” அதற்கும் வழி இருக்கிறது. பொசிஷன் ஃபிக்ஸ்டு என்று எழுதினால், பக்கம் எவ்வளவு நகர்ந்தாலும் அந்தப் படம் திரையில் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எழுதிக் கொடுத்தேன். செத்துப்போன வாத்தியார்களின் பெயர்ப் பட்டியலுக்கு மேல் இப்போது அவர் மூஞ்சி ஊர்ந்து போகிறது. அதைப் பார்த்து, “ஆங், இப்பதான் களை வந்துச்சி” என்றார்.

இதோடு முடிந்திருந்தால் எனக்குச் சிரிப்போடு போயிருக்கும்.

போன திங்கட்கிழமை கமிட்டி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொர்னேலியஸ் சார் மற்ற கமிட்டிக்காரர்களிடம் என்னைக் காட்டி, “இந்தப் பொண்ணுக்கு எல்லாம் நான் சொல்லி குடுத்துதான் வேல நடக்குது” என்றார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, “இன்னா ஷோபா, உன் பொண்ணு வாயத் தொறந்து ஒரு தேங்க்ஸ் சொல்லாதா? மே மாசம் வருது, ஞாபகம் வச்சிக்கோ” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்த லேப்டாப்பிலேயே எழுதினேன். பதினோரு வரி.

கிளாஸில் அந்த வாரம்தான் பொசிஷன் அப்சொல்யூட் நடத்தியிருந்தார்கள். அப்படி எழுதினால் அந்த வரி மற்ற வரிகளின் ஒழுங்கை விட்டு விலகிவிடும். நாம் எங்கே போகச் சொல்கிறோமோ அங்கே போய் உட்காரும். இடது பக்கம் கழித்தல் பத்தாயிரம் பிக்சல் என்று சொன்னால், திரைக்கு வெளியே எங்கேயோ போய்விடும். வெப்சைட் பக்கத்துக்குள் இருக்கும், ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாது. செய்து பார்க்க ஏதாவது எழுத்து வேண்டும். கொர்னேலியஸ் சாரின் பெயருக்கு அடியிலேயே மனசில் வந்ததை எழுதினேன்.

‘நடுவுல ஒக்காந்துக்கிற இந்த ஆளுக்கு மவுஸ் புடிக்கத் தெரியாது. டிவி ரிமோட்டு மாதிரி தூக்கி ஸ்க்ரீனுக்கு நேரா காட்டுவாரு. அண்டர்கிரவுண்ட் போனதில்ல, ஆனா அண்டர்கிரவுண்ட் கதை எல்லாம் இவருக்கு நடந்தது. ஆயாம்மாங்கள பயமுறுத்தறது ஒண்ணுதான் இவரு கத்துக்கிட்ட தொழிலு.’ இப்படிப் போகும். கடைசி இரண்டு வரி ஸ்ரீநிவாஸ் சாரைப் பற்றி. அவர் மைன்ஸ் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர், பிறவியிலேயே கண் தெரியாது. கண் தெரியாதவர் திறந்துவைத்தால் பேப்பரில் வரும் என்று கொர்னேலியஸ் சார் அவரைத்தான் பட்டன் அழுத்தக் கூப்பிட்டிருந்தார். அந்த வரிகளை இங்கே எழுத இப்போது என்னால் முடியவில்லை. அன்றைக்கு அதற்குத்தான் ரொம்பச் சிரித்தேன்.

மறுநாள் அழித்துவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் போனால், “கமிட்டி லேப்டாப்லர்ந்து ராத்திரியே எல்லாத்தையும் பென் டிரைவ்ல எடுத்து நெட்ல ஏத்திட்டேன்” என்கிறார் மனோகர் அண்ணன். “பாஸ்வேர்டும் மாத்திட்டேன். செக்யூரிட்டி.” மாமா மேலே இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் அவருக்குத் தெரிந்த செக்யூரிட்டி. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? யார் கண்ணுக்கும் தெரியாது. அவர் பெயருக்கு அடியிலேயே அது கிடக்கிறது என்ற நினைப்பில் நான்கு நாள் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

இன்று சனிக்கிழமை, நாலு மணி இருக்கும். சைட்டைப் பற்றி எதுவானாலும் இவளைக் கேளுங்கள் என்று என் நம்பரைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். ஒரு கால் வந்தது.

“ஷைலாவாம்மா? நான் ஸ்ரீநிவாஸ் பேசறேன். எக்ஸ்சேஞ்சு ஸ்ரீநிவாஸ்.”

“சொல்லுங்க சார்.”

“நாளைக்கு நான்தான தொறக்கணும். முன்னாடியே ஒரு தடவ கேட்டு வச்சிக்கலாம்னு ஃபோன படிக்கச் சொன்னேன். நல்லா பண்ணிக்கிற. மொதல்ல மனோகரு, அப்புறம் ரெண்டு பேரு, நாலாவது கொர்னேலியஸு.”

“இல்ல சார், கொர்னேலியஸ் சாரு மொதல்ல இருப்பாரு.”

“உங்க கண்ணுக்கு இருப்பாரு. எனக்கு நாலாவதுதான். நல்லாதான் கீது, வுடு. ஆனா அவரு பேரு முடிஞ்சதும் பதினோரு வரி வருது பாரு. அது யாரு எழுதினது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண் தெரியாதவர்களுக்காகப் பக்கத்தை வாசித்துச் சொல்கிற அவருடைய ஃபோன் ஸ்டைல் ஷீட்டைப் பார்ப்பதில்லை. யாரை எங்கே தள்ளி வைத்தேன், யாரை மேலே ஏற்றினேன் என்பது அதற்குத் தெரியாது. டைப் செய்த வரிசையில் இருப்பதை எல்லாம் படிக்கும். திரைக்கு வெளியே பத்தாயிரம் பிக்சல் என்பது அவருக்குத் திரைக்கு உள்ளேதான்.

“சார்... அது தெரியாம...”

“பதினோரு வரி தெரியாம எழுதுவாங்களா? நாலு தடவ கேட்டேன். மெஷினு சிரிக்காம படிக்குது பாரு, அதான் ஜாஸ்தி சிரிப்பு. ரிமோட்டு மாதிரி தூக்கிக் காட்டறானா அவன்?”

“சார்...”

“கடசி ரெண்டு வரியும் கேட்டேன்.”

நான் ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“நாளைக்கு நான் இன்னா பண்ணணும்னு கொர்னேலியஸு உன்கிட்ட சொன்னானா? ஃபோன மைக்குகிட்ட வச்சி, நான் எப்டி படிக்கிறேன்னு ஜனங்களுக்குக் காட்டணுமாம். பேப்பர்காரன் வரானாம். நானும் சரின்னுட்டேன்.”

வைத்துவிட்டார்.

செருப்பைக்கூட மாற்றாமல், எங்கள் வீடு இருக்கும் ஊரிகத்திலிருந்து ஆட்டோ பிடித்து ஆண்டர்சன்பேட்டைக்குப் போனேன். மனோகர் அண்ணன் கடையில் யாருடைய ஃபோனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, சைட்ல ஒரு சின்ன வேல பாக்கி கீது. பாஸ்வேர்டு குடுங்க.”

“ஃபைனல் ஆயிடுச்சி ஷைலா. சும்மனே தொடக் கூடாது. நான் பாத்துட்டேன், எல்லாம் பர்ஃபெக்டா கீது.”

இவர் பார்த்துவிட்டாராம். உண்மையைச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் மாமாவுக்குப் போய்விடும். என்ன சொன்னால் இந்த ஆள் பயப்படுவார் என்று யோசித்தேன். ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“ஃபோன்ல சாரோட போட்டோ உங்க போட்டோவ விட சின்னதா தெரியுதுண்ணா.”

கண்ணாடியைக் கீழே வைத்தார். “எவ்ளோ சின்னதா?”

“பாக்கறவங்களுக்குத் தெரியற அளவுக்கு.”

“ஐயோ, மாமா பாத்தா அவ்ளோதான். என்ன ஏழாம் நம்பருக்குத் தள்ளிடுவாரு. ஒக்காரு ஒக்காரு. நானே லாகின் பண்ணித் தரேன்.” பாஸ்வேர்டைக் கையால் மறைத்துக்கொண்டு அடித்தார். அவருடைய கடையின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்தான், விரல் போகிற இடமெல்லாம் எதிரே கண்ணாடி ஷோகேஸில் தெரிந்தது.

அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். பதினோரு வரியையும் அவர் கண்ணெதிரிலேயே செலக்ட் செய்து அழித்தேன். “அது இன்னா, அவ்ளோ நீட்டா தமிழு?” என்றார். “பழசுண்ணா, வேணாம்” என்றேன். தலையாட்டினார். படிக்கவே இல்லை. கொர்னேலியஸ் சாரின் போட்டோவை இருபது பிக்சல் பெரிதாக்கினேன். “இப்ப பாரு, எவ்ளோ கம்பீரமா கீது!” என்று எனக்கு ஒரு மாசா வாங்கிக் கொடுத்தார்.

அந்த மாசாவைக் குடித்துக்கொண்டே வெளியே வந்தபோது, முடிந்தது, தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் இன்னொன்று தோன்றியது. வெப்சைட்டிலிருந்து அழித்துவிட்டேன். ஸ்ரீநிவாஸ் சார் நாலு தடவை கேட்டிருக்கிறாரே, அதை என்ன செய்வது?

ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் பின்னால் தண்ணித் தொட்டி பக்கம் போய் நின்றுகொண்டு அவருக்கு ஃபோன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

“எடுத்துட்டபோல. இப்பதான் கேட்டேன். பக்கம் சப்புனு ஆயிடுச்சி.”

“சார், மன்னிச்சிடுங்க சார். யாருக்கும் சொல்லாதீங்க. எங்கம்மா வேல போயிடும் சார். கொர்னேலியஸ் சாருதான் கையெழுத்துப் போடறாரு.”

“யாரு உங்கம்மா?”

“ஷோபா. ஸ்கூல்ல ஆயா.”

“எழுதும்போது அம்மா ஞாபகம் வர்ல?”

அம்மா ஞாபகத்தில்தான் எழுதினேன்.

“நீ அழிச்சிட்டா நான் மறந்துடுவனா? முந்நூறு எக்ஸ்டென்ஷன் நம்பரு மனப்பாடம் வச்சினு இருந்தவன் நான். பதினோரு வரி எனக்கு இன்னா பெருசா?” என்று, மெஷின் குரலிலேயே ஆரம்பித்தார். நடுவுல ஒக்காந்துக்கிற இந்த ஆளுக்கு மவுஸ் புடிக்கத் தெரியாது. ஒரு வார்த்தை தப்பவில்லை. ஒன்பது வரி சொல்லி நிறுத்தினார்.

“மீதி ரெண்டு வரி நீ சொல்லு.”

“சார், வேணாம் சார்.”

“மெஷினு சொல்லிக் கேட்டுட்டேன். எழுதினவ சொல்லிக் கேக்கணும்.”

பக்கத்து லைன் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் குரலைத் தாழ்த்தினேன். “தொறந்து வைக்கிறதுக்கு ஒரு... கண்ணு தெரியாதவர...”

“அப்டியா எழுதின?”

“ஒரு குருடன புடிச்சிக்கிறாங்க.”

“ம்.”

“இந்த மூஞ்சிய பாக்காம பட்டன் அமுக்கறதுக்கு, ஊர்லயே லாயக்கான ஆளு அவருதான்.”

லைன் கட் ஆகிவிட்டதோ என்று ஃபோனை எடுத்துப் பார்த்தேன். விநாடி ஓடிக்கொண்டிருந்தது.

“எழுதும்போது சிரிச்சியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். “ஆமா சார்.”

“நானும் சிரிச்சேன். மொத தடவ கேட்டப்ப நல்லா சத்தமா சிரிச்சிட்டேன், பக்கத்துல என் மருமக இன்னா மாமான்னு கேக்கற அளவுக்கு. அதான் எனக்குக் கோவம். கொர்னேலியஸு என்ன பேப்பர்ல போட்டோ வரதுக்கு இட்டுனு போறான், அது எனக்குத் தெரியும். நீ அவனத் திட்டறதுக்கு என்ன இட்டுனு போயிக்கிற. எவனுக்கு எங்க நிறுத்த ஆளு வேணும்னாலும் நான் கீறேன் இல்ல?”

நான் மன்னிப்பு என்று மறுபடி ஆரம்பித்தேன். “அத வுடு, கேட்டு கேட்டு காது புளிச்சிப் போச்சி” என்றார். “நாளைக்கு மனோகரு என் கையப் புடிச்சி மேடைக்கு இட்டுனு போறதா பேச்சு. வேணாம்னு சொல்லிட்டேன். இந்த சைட்ட பண்ண பொண்ணு வரட்டும்னு கொர்னேலியஸுகிட்ட சொல்லிக்கிறேன். அவனுக்கும் குஷி, ஆயா பொண்ணுன்னு பேப்பர்ல போடலாமாம். நீதான் இட்டுனு போற. பட்டன் எங்க கீதுன்னு என் வெரலு எடுத்து நீ வை.”

“சரி சார். அப்ப... மத்தது சார்? மைக்ல...”

“அது மைக்கு என் கையில வந்தப்புறம் யோசிச்சிக்கறேன். ஒம்போதரைக்கு வா. லேட் பண்ணாத.”

அவ்வளவுதான். சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சொல்லுவேன் என்றும் சொல்லவில்லை. திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை.

உள்ளே வந்தால் அம்மா சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலை. முகமெல்லாம் சிரிப்பு.

“கொர்னேலியஸ் சாரு இப்பதான் ஃபோன் பண்ணாரு. நீ மேடைல ஏறப் போறியாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?”

“நீ வர வேணாம்மா. வெயிலா இருக்கும்.”

“வராம? ஆயாங்க எல்லாரும் எட்டு மணிக்கே வந்து நாற்காலி போடணும்னு சொல்லிக்கிறாரு.” சேலையைத் திருப்பிப் போட்டாள். “நான் கடைசில கதவுகிட்டதான் நிப்பேன். அங்கருந்து மைக்குல பேசறது கேக்குமா?”

“கேக்கும்” என்றேன்.